மின்னூல் படிப்பானும் அதன் திறவுகோலும்



சென்ற கோடை விடுமுறையில் என் பேரன் ஊருக்கு வந்திருந்தான். பொறியியற் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்கிறவன். வந்த அன்று மாலையே திண்ணையில் அமர்ந்து, உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சிறு கருவியைக் கணிப்பொறியோடு கம்பியால் இணைத்து ஏதோ செய்துகொண்டிருந்தான். "என்னப்பா அது?" என்றேன். "புத்தகம் படிக்கிற கருவி, தாத்தா. கம்பெனிக்காரர்கள் உள்ளே வைத்திருப்பதை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கிறேன்" என்றான். வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத பொருள். எனக்குச் சினம் வந்துவிட்டது. "நன்றாக ஓடுகிற பொருளை எதற்காகக் கெடுக்கிறாய்?" என்று கடிந்துகொண்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளைக் கடிந்துகொண்ட நாக்கு அல்லவா! அவன் முகம் வாடவில்லை. "கெடுக்கவில்லை, தாத்தா. இதைச் செய்தவர்கள் சம்பளம் வாங்காமல் செய்திருக்கிறார்கள். எப்படிச் செய்தார்கள் என்பதையும் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்களே படித்துப் பார்க்கலாம்" என்றான்.

சம்பளம் வாங்காமல் செய்தார்கள் என்ற செய்தி என்னைச் சிந்திக்க வைத்தது. யார் இவர்கள்? எதற்காகச் செய்தார்கள்? அன்று தொடங்கி நான் தேடிப் படித்தும், அவனிடம் கேட்டும் அறிந்த வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கணிப்பொறியில் கையால் தொடக்கூடிய உறுப்புகளை வன்பொருள் என்கிறோம். அவற்றை இயக்கும் கட்டளைத் தொகுதி மென்பொருள். இவ்விரண்டுக்கும் இடையில், கருவியின் உள்ளேயே பதிந்து, அதற்கு உயிர் வந்த கணமே வேலை தொடங்கும் கட்டளைத் தொகுதி ஒன்று உண்டு. அதனை நிலைபொருள் என்று தமிழில் வழங்குகிறோம். இதற்குரிய ஆங்கிலச் சொல்லை ஆஷர் ஆப்ளர் என்னும் அமெரிக்கர் 1967-ஆம் ஆண்டில் ஒரு கணிப்பொறி இதழில் முதன்முதலாகப் பயன்படுத்தினார். அன்று அவர் கருதிய பொருள் சற்றுக் குறுகியது; இன்று சலவைப் பொறி முதல் தொலைபேசி வரை எல்லாவற்றிலும் நிலைபொருள் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் பக்கம் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்வது பொத்தான் அன்று; நிலைபொருளே. எந்த மொழியின் எழுத்தைக் காட்டலாம், எந்த மொழியின் எழுத்தைக் காட்ட இயலாது என்று தீர்மானிப்பதும் அதுவே. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

மின்னூல் படிப்பானின் முகம் தொலைக்காட்சியின் முகத்தைப் போன்றதன்று. அது ஒளிவிடாது, தாளைப் போல, தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். ஏறத்தாழத் தலைமயிரின் பருமனே உள்ள நுண்ணிய குமிழ்கள் பல இலட்சம் அதில் பரவியிருக்கின்றன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் எதிரெதிர் மின்னேற்றம் பெற்ற வெண்துகளும் கருந்துகளும் மிதக்கின்றன. மின்னழுத்தத்தை மாற்றினால் ஒன்று மேலே வரும்; மற்றது அடியில் இறங்கும். வந்த துகள் வந்த இடத்திலேயே நிற்பதால், எழுத்தைக் காட்டிக்கொண்டிருப்பதற்கு மின்சாரம் செலவாவதில்லை. பக்கம் திருப்பும்போது மட்டுமே செலவாகும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ஜோசஃப் ஜேக்கப்சன் முதலியோர் வளர்த்த இந்த முறையை வணிகமாக்க, 1997-ஆம் ஆண்டில் ஈ இங்க் என்னும் நிறுவனம் தோன்றியது.

இந்த மின்தாளைக் கொண்டு 2004-ஆம் ஆண்டில் ஜப்பானில் சோனி நிறுவனத்தார் லிப்ரியே என்ற படிப்பானை விற்கத் தொடங்கினர். கருவி அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கென வழங்கப்பட்ட நூல்கள் அறுபது நாட்கள் சென்றதும் தாமே படிக்க இயலாதனவாகிவிடும்! எங்கள் பள்ளி நூலகத்தில் பதினைந்து நாட்களில் நூலைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. தராவிட்டால் நூலகர் முறைப்பார்; நூல் மறைந்துபோகாது. நூலைப் பூட்டும் பூட்டு, நூலுக்குள்ளேயே வந்து அமர்ந்துகொண்டது இக்காலத்தில்தான்.

பூட்டு என்று ஒன்று வந்தால் திறவுகோல் தேடுவோரும் வருவர். அவர்களுடைய மூதாதையின் கதையை இங்கே சொல்லாமல் மேலே செல்ல முடியாது. 1980-ஆம் ஆண்டையொட்டி, அதே எம்.ஐ.டி.யில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் இளைஞர் பணியாற்றிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு ஒரு புதிய அச்சுப்பொறி நன்கொடையாக வந்தது. அதில் தாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். முன்பிருந்த பொறியிலும் இந்தக் குறை உண்டு. ஆனால் தாள் சிக்கியவுடன் காத்திருப்போர்க்குச் செய்தி அனுப்பும்படி அதன் கட்டளைத் தொகுதியை ஸ்டால்மன் திருத்தி வைத்திருந்தார். புதிய பொறிக்கும் அவ்வாறே செய்ய எண்ணி அதன் மூலக் கட்டளைகளைக் கேட்டார். வைத்திருந்தவர், வெளியிடுவதில்லை என்று நிறுவனத்துக்குக் கையெழுத்திட்டிருப்பதாகச் சொல்லித் தர மறுத்துவிட்டார். தாள் சிக்குவது சிறிய தொல்லை. ஆனால் திருத்தத் தெரிந்தவன் திருத்தக் கூடாது என்று தடுக்கப்படுவது சிறிய தொல்லையன்று என்று அவர் கருதினார். 1983-ஆம் ஆண்டில், யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருளை உருவாக்கும் திட்டத்தை அறிவித்தார். 1989-இல் அதற்கான உரிமப் பத்திரம் ஒன்றையும் வகுத்தார். அதன் சாரம் இது: இதனை எடுத்துப் பயன்படுத்துங்கள், திருத்துங்கள், விற்கவும் செய்யுங்கள், ஆனால் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது அவருக்கும் மூலக் கட்டளைகளைக் கொடுத்துவிடுங்கள். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸும் அடுத்த ஆண்டே இந்த உரிமத்தின்கீழ் வந்தது.

நிறுவனம் விற்ற சிறு கருவியின் நிலைபொருளையே மாற்றும் வேலை, நூற்கருவியில் அன்று, இசைக்கருவியில் நிலைபெற்றது. ஆர்க்கோஸ் என்னும் பாட்டுப்பெட்டியை வாங்கிய சுவீடன் நாட்டு இளைஞர்கள் சிலர், அதன் நிலைபொருளில் குறைகள் மிகுந்திருப்பதைக் கண்டு, 2001-ஆம் ஆண்டின் இறுதியில் தாமே புதிதாக ஒன்றை எழுதத் தொடங்கினர். ராக்பாக்ஸ் என்பது அதன் பெயர். இதில் என்னைக் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. அந்தப் பாட்டுப்பெட்டிகளில் பட்டியலைத் திரையில் பார்த்துத்தான் பாட்டைத் தேர்ந்தெடுக்க முடியும். கண்பார்வையற்றோர் என்ன செய்வர்? ராக்பாக்ஸை எழுதியவர்கள், பட்டியலின் ஒவ்வொரு வரியையும் குரலால் படித்துச் சொல்லும் வசதியை அதில் சேர்த்தனர். பார்வையற்றோர் பலர் அதற்காகவே அந்நிலைபொருளை நாடினர். இசைக்காகவே செய்யப்பட்ட கருவியை விற்றவர்கள் எண்ணாத ஒரு கூட்டத்தை, அதனை வாங்கியவர்கள் எண்ணினார்கள். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் நடத்திய ஆசிரியர்க்கே இதன் அருமை தெரியும். வகுப்பில் ஒருவன் படித்துக்காட்ட மற்றவன் கேட்டுக்கொண்டிருக்கும் காட்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது.

இனி நூற்கருவிக்கு வருவோம். சோனியாரின் அடுத்த படிப்பான் 2006-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதனைக் கணிப்பொறியோடு இணைத்து நூல்களை ஏற்ற வேண்டும். லினக்ஸ் கணிப்பொறியை அது ஏறிட்டும் பார்க்கவில்லை. அப்பொழுது கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த கோவிட் கோயல் என்பவர், கருவியும் கணிப்பொறியும் கம்பி வழியே தமக்குள் என்ன பேசிக்கொள்கின்றன என்பதை ஒட்டுக்கேட்பதுபோல் ஆராய்ந்து, அந்த மொழியைக் கண்டறிந்தார். பிறரும் அவருக்குத் துணைநின்றனர். 2006 அக்டோபர் 31-இல் தொடங்கிய அவருடைய முயற்சி, பின்னர் காலிபர் என்ற பெயர் பெற்று, எவ்வகைக் கருவிக்கும் ஏற்றவாறு நூல்களை மாற்றித் தரும் மென்பொருளாக வளர்ந்தது. இது நிலைபொருள் அன்று என்று என் பேரன் திருத்துவான், உண்மைதான். ஆயினும் உள்ளே இருப்பது என்ன என்று தட்டிப் பார்க்கும் துணிவைப் பலருக்கும் தந்தது இத்தகைய முயற்சியே எனலாம்.

அடுத்த ஆண்டு நவம்பரில் அமேசான் நிறுவனத்தின் கிண்டில் வந்தது. கொண்டுவந்த சரக்கு முழுவதும் ஐந்தரை மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்ததாம். கிண்டிலுக்குள்ளே ஓடியது லினக்ஸ்! ஆகவே ஸ்டால்மன் வகுத்த உரிமத்தின்படி, அந்தப் பகுதியின் மூலக் கட்டளைகளை அவர்கள் வெளியிட வேண்டியதாயிற்று. ஆனால் நூலைத் திரையில் விரித்துக் காட்டும் பகுதி அவர்களுடைய சொந்த எழுத்து, அதனை வெளியிடவில்லை. வீட்டின் அடித்தளத்துக்கு வரைபடம் கிடைத்தது, கூடத்துக்குக் கிடைக்கவில்லை.

அந்நாளில் சீனத்து ஜின்கே நிறுவனம் ஹான்லின் என்றொரு படிப்பானைச் செய்துவந்தது. அதுவே உக்ரைனிலும் ரஷ்யாவிலும் ஒரு பெயரோடும் ஹாலந்தில் வேறொரு பெயரோடும் விற்கப்பட்டது. அதிலும் லினக்ஸ்தான் ஓடியது. 2008-ஆம் ஆண்டளவில் ஆர்வலர் சிலர் கூடி, ஓபன் இங்க்பாட் என்ற பெயரில், அத்தகைய கருவிகளுக்கு முழு நிலைபொருளையே கட்டற்ற முறையில் படைத்தனர். ‘திறந்த மைக்கூடு’ என்று அப்பெயரைத் தமிழ்ப்படுத்தலாம். பழைய நிலைபொருளை நீக்கிவிட்டு இதனைக் குடியமர்த்தலாம். சில ஆண்டுகளில் அம்முயற்சி ஓய்ந்துவிட்டது. ஓய்ந்ததனாலேயே அதனை வீண் என்று தள்ளிவிடக் கூடாது. சம்பளமில்லாத வேலையில் ஆட்கள் வருவர், போவர். எழுதியது திறந்திருப்பதால் அடுத்து வருபவர் அங்கிருந்து தொடரலாம். ரஷ்யரான வாதிம் லோபாத்தின் எழுதிய கூல்ரீடர் என்ற படிப்பு மென்பொருளும் ஹான்லின் கருவிகளில் இடம்பெற்றிருந்தது. அதனுடைய இதயப் பகுதி பிற்காலத்தில் வேறொரு உடலில் எவ்வாறு துடித்தது என்பதைச் சற்றுப் பின்னர் காண்பீர்கள்.

2009 ஜூலை மாதத்தில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ என்னும் இரு நூல்களை, வெளியிடும் உரிமையில்லாத ஒரு நிறுவனம் கிண்டில் கடையில் விற்றுவிட்டது. அதனை அறிந்த அமேசான், கடையிலிருந்து நூல்களை நீக்கியதோடு நில்லாமல், வாங்கியவர்களுடைய கருவிகளிலிருந்தும் அவற்றைத் தொலைவிலிருந்தே அழித்துவிட்டது. விலையைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆயினும் மிச்சிகன் மாநிலத்து உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன், பாடத்துக்காக ‘1984’ நூலில் எழுதி வந்த குறிப்புகள், எந்தப் பக்கத்தைச் சார்ந்தவை என்று அறிய வழியின்றிப் பயனற்றுப் போயின. அவன் நீதிமன்றத்தை நாடினான். நிறுவனத் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். வழக்கு சமாதானத்தில் முடிந்து, 1,50,000 டாலர் கொடுக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி அறச்செயலுக்குச் செல்லும் என்று வழக்கறிஞர்கள் அறிவித்தனர். அரசு விரும்பாத எழுத்தையெல்லாம் சுவடின்றி அழிக்கும் ஆட்சியைப் பற்றிய நாவல் ‘1984’ என்பதை, அதனைப் படித்தவர்கள் அறிவர்.

இந்நிகழ்ச்சிக்குப் பின் ‘என் கருவி யாருடையது?’ என்ற கேள்வி வல்லுநர் வட்டத்தைக் கடந்து பொதுமக்களிடமும் எழுந்தது. 2011-ஆம் ஆண்டளவில், கிண்டிலின் சிறு திரையில் பி.டி.எஃப். பக்கங்களைச் செம்மையாகக் காட்டுவதற்கென ஆர்வலர்கள் எழுதத் தொடங்கிய மென்பொருள், வளர்ந்து கே.ஓ.ரீடர் ஆயிற்று. கூல்ரீடரின் இதயம் என்றேனே, அது இதற்குள் வந்து புகுந்தது. கிண்டில், கோபோ, பாக்கெட்புக் எனப் பல நிறுவனங்களின் கருவிகளிலும் அது ஓடுகிறது. நிறுவனத்தின் நிலைபொருளை வெளியேற்றாமல், அதன்மேல் குடியேறி, படிப்பிக்கும் வேலையை மட்டும் தான் ஏற்றுக்கொள்வது இதன் முறை.

இவ்விடத்தில் என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெற்றபோது பழைய மாணவர்கள் சேர்ந்து எனக்கொரு மின்னூல் படிப்பானைப் பரிசளித்தார்கள். மகிழ்ச்சியோடு ஒரு தமிழ் நூலை ஏற்றித் திறந்தேன். ‘கொடி’ என்பதில் ககரம் முன்னும், கொம்பும் காலும் ஒரு புள்ளி வட்டத்தைத் தாங்கிக்கொண்டு பின்னுமாக நின்றன. ‘தேன்’ என்ற சொல்லில் தகரத்துக்கு வலப்புறம் ஏறியிருந்தது இரட்டைக் கொம்பு. முதல் வகுப்புப் பிள்ளைகூட இப்படி எழுதாது. நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். ‘எதிர்காலத்தில் கருத்தில் கொள்ளப்படும்’ என்று விடை வந்தது. அந்த எதிர்காலம் இன்னும் வரவில்லை. கருவி பெட்டிக்குள் உறங்குகிறது.

குறை எங்கே என்பதைப் பேரன் விளக்கினான். கணிப்பொறியின் நினைவகத்தில் ‘கெ’ என்பது முதலில் ககரமாகவும் அடுத்து ஒற்றைக் கொம்பாகவும் பதிந்திருக்கும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னே கொண்டுவர வேண்டும். ‘கொ’ என்றால் குறியீட்டை இரண்டாகப் பிரித்து எழுத்தின் இருபுறமும் வைக்க வேண்டும். இந்த அடுக்கும் வேலையை நிலைபொருள் அறிந்திராவிட்டால் தமிழ் சிதையும். எழுத்துகளை அடுக்குவதற்கென்றே ஹார்ஃப்பஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் ஒன்று உண்டு. கே.ஓ.ரீடர் அதனைச் சேர்த்துக்கொண்டிருப்பதால், நல்ல தமிழ் எழுத்துருவை இட்டால் அதில் தமிழ் செவ்வையாக வருகிறது. என் கடிதத்துக்குக் கிடைக்காத விடை இது.

தமிழ் நூல்களுக்கோ குறைவில்லை. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்குமுள்ள தன்னார்வலர் தட்டச்சிட்ட இலக்கியங்களை இலவசமாக வழங்கி வருகிறது. 2013-இல் தோன்றிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழுவினர், தமிழ் அறியாத படிப்பான்களையும் மனத்திற்கொண்டு, ஆறங்குலத் திரைக்கு அளவான பி.டி.எஃப். வடிவத்தையும் சேர்த்தே வெளியிட்டனர். அதாவது, பக்கத்தை முன்னரே அடுக்கி ஏறத்தாழப் படம்போல் கொடுத்துவிடுவது. நல்ல உத்திதான், ஆனால் கண் மங்கிய என்னைப் போன்றவர்கள் அதில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரையை விட்டு ஓடிவிடும்.

இனி, பேரனுடைய கையிலிருந்த கருவி. அதன் பெயர் எக்ஸ்டிங்க் எக்ஸ்4. திரை 4.3 அங்குலமே. தொட்டால் அசையாது, பக்கத்திலுள்ள பொத்தான்களை அழுத்த வேண்டும். இதற்கென 2025-ஆம் ஆண்டில் ஆர்வலர் ஒருவர் தொடங்கிப் பலர் கூடி வளர்த்துவரும் கட்டற்ற நிலைபொருளுக்குக் கிராஸ்பாயின்ட் என்று பெயர். கருவி செய்த நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இதன் அருமையை உணரக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். உள்ளே இருப்பது ஈ.எஸ்.பி.32-சி3 என்னும் சிறு சில்லு. மின்விளக்கையும் மின்விசிறியையும் கட்டுப்படுத்தும் எளிய வேலைகளுக்கும் அதனைப் பயன்படுத்துகிறார்கள். அதில் வேலைக்குக் கிடைக்கும் நினைவகம் சுமார் 380 கிலோபைட்டு. திரையிலே 480 பெருக்கல் 800, ஆக 3,84,000 புள்ளிகள். கறுப்பா வெளுப்பா என்பதை மட்டும் குறித்தாலும், எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட்டு வீதம் 48,000 பைட்டுகள் ஒரு பக்கத்தின் உருவத்துக்கே போய்விடும். தமிழெழுத்தோ, இக்கால முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு கேட்கும். ‘கொ’ என்ற ஓரெழுத்துக்கு ஆறு. ஐந்து இலட்சம் குறிகள் கொண்ட நாவல் பதினைந்து இலட்சம் பைட்டு. மரக்காலில் பத்தாயத்தை அடைப்பது எப்படி?

அவர்கள் கண்ட வழி இது. ஓர் அதிகாரத்தை முதன்முறை திறக்கும்போது, எந்தச் சொல் எந்த வரியில், எந்த வரி எந்தப் பக்கத்தில் என்று கணக்கிட்டு, அக்கணக்கை நினைவட்டையில் எழுதி வைத்துவிடுகிறது நிலைபொருள். அடுத்த முறை மீண்டும் கணக்கிடாமல், வேண்டிய பக்கத்தை மட்டும் எடுத்துக் காட்டுகிறது. ஆசிரியர் இரவில் பாடக்குறிப்பு எழுதிவைத்துக்கொண்டு மறுநாள் வகுப்புக்குப் போவதில்லையா? அதே முறைதான். முதல் தடவை சிறிது காத்திருக்க வேண்டும், பிறகு விரைவு.

நிலைபொருளை மாற்றுவதில் இடர் இல்லாமலில்லை. பாதியில் மின்சாரம் நின்றாலோ, தவறான கோப்பை இட்டாலோ கருவி எழுந்திராமற் போகலாம். நிறுவனத்தின் உத்தரவாதமும் கைவிட்டுப் போகக்கூடும். ஆகவே, மாணவர்களே, தந்தையார் வாங்கித் தந்த விலையுயர்ந்த பொருளில் உங்கள் முதற் சோதனையை நடத்த வேண்டாம். அன்றியும், நிலைபொருளைத் திறப்பது வேறு. நூலாசிரியருக்குச் சேரவேண்டிய பொருளைக் கொடாமல் நூலைக் கவர்வது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவோர் இரு பக்கத்திலும் இருக்கிறார்கள்.

விடுமுறை முடிவதற்குள் பேரன் என்னிடம் ஓர் உதவி கேட்டான். இச்சிறு நினைவகத்துக்குள் தமிழை அடுக்கும் வழியை நண்பர்களோடு சேர்ந்து எழுதிப் பார்க்கப் போகிறானாம். சோதிப்பதற்கு எல்லா எழுத்துகளும் கொண்ட பட்டியல் வேண்டுமென்றான். இருநூற்று நாற்பத்தேழையும் நானே கைப்பட எழுதிக் கொடுத்தேன். 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் பயின்றவன் ஆகையால், ஐகார வரிசையில் ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் என் கைப்பழக்கத்தால் யானைத் துதிக்கை வளைவோடே விழுந்துவிட்டன. அவன் தாளை உற்றுப் பார்த்துவிட்டு, "இது என்ன, தாத்தா?" என்றான். சொன்னேன். "இது எழுத்துருவின் வேலை, நினைவகத்தில் இரண்டுக்கும் ஒரே குறிதான்" என்றவன், சற்று யோசித்து, "பழைய புத்தகம் படிக்கிறவர்களுக்காக இந்த எழுத்துருவையும் சேர்க்கலாமா?" என்று கேட்டான். சேர்க்கலாம் என்றேன். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாலைப் பேருந்துக்குப் புறப்பட்டான்.